பதினான்காம் கால்

நஞ்சப்பன் அன்று மாடியேறியது ஞானம் கேட்டு அல்ல, ஒரு கையெழுத்துக் கேட்டு.

கோவை கணபதிப் பகுதியில் லேத் பட்டறைகளுக்கு நடுவே இருந்தது அந்தக் கம்பெனி. பண்ணைகளுக்கும் குளிர்கிடங்குகளுக்கும் எச்சரிக்கைப் பேனல் செய்து கொடுப்பார்கள். கீழே மின்சுற்றுப் போர்டுகள் தயாராகும் கூடம். மாடியில் இரண்டு கணினி, ஒரு சோதனை மேஜை, சூடான காற்றைச் சுற்றிவிடும் ஒரு மின்விசிறி, அதன் கீழே தமயந்தி.

தமயந்திக்கு முப்பத்தேழு வயது. நஞ்சப்பனுக்கு ஐம்பத்து மூன்று. ஆனாலும் குரு தமயந்திதான். ஸ்பின்னிங் மில்லில் இருபத்தைந்து வருஷம் வயரிங் பார்த்துவிட்டு, மில் கைமாறியபோது வெளியே வந்தவர் நஞ்சப்பன். ஐம்பதாவது வயதில் முதல்முறையாக மவுஸைப் பிடித்தார். மின்சுற்றுப் படத்தைக் கணினியில் வரையவும், வரைந்ததைத் திரையிலேயே ஓட்டிப் பார்க்கவும் தமயந்தி கற்றுக்கொடுத்தார். முதல் வாரம் கிண்டலாக 'வாத்தியாரம்மா' என்று கூப்பிட்டார் நஞ்சப்பன். பிறகு கிண்டல் போய்விட்டது. பெயர் நின்றுவிட்டது.

"வாத்தியாரம்மா, இதுல ஒரு கையெழுத்து."

தமயந்தி திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "என்னங்கண்ணா அது?"

"பல்லடம் ஹேச்சரி ரிப்போர்ட். ஒரு மணிக்குள்ள போயாகணும்னு முதலாளி சொல்லியிருக்கார்."

நடந்தது இதுதான். பல்லடம் பக்கம் ஒரு கோழிக்குஞ்சு பொரிப்பகம். போன செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டே காலுக்கு, ஒரு ஹாலின் பிரேக்கர் மட்டும் விழுந்துவிட்டது. மற்ற இடங்களில் கரண்ட் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஹாலுக்குள் சூடு, ஈரம், காற்று, முட்டைத் தட்டைத் திருப்பும் மோட்டார் நான்கும் ஒரே நேரத்தில் நின்றன. நாலரை மணிக்குத்தான் கதவைத் திறந்தார்கள். ஒரு வாரத்தில் பொரிய வேண்டிய ஒன்பதாயிரம் முட்டை வீணாய்ப் போனது.

அந்த ஹாலில் மாட்டியிருந்தது இந்தக் கம்பெனியின் பேனல். அதற்குச் சொந்தமாக பேட்டரி உண்டு. நான்கில் எது நின்றாலும் ஹூட்டர் அலற வேண்டும். அலறவில்லை என்றார், வெளியே தொட்டியடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த ஆறுச்சாமி. அலறியிருக்கும், நீதான் பட்டனை அழுத்தி அமத்திவிட்டுப் போயிருப்பாய் என்றார் பண்ணைக்காரர். பட்டனை அழுத்தினால் எங்கேயும் பதிவாகாது. கடைசியில், பேனல் செய்தவர்களே சொல்லட்டும் என்று முடிவானது. பேனலில் குறையில்லை என்று எழுதி வந்தால் ஆறுச்சாமியின் வேலை போகும். பண்ணைக்குள் அவரும் மனைவியும் குடியிருக்கும் வீடும் போகும்.

அந்த ரிப்போர்ட்டை வாங்கி வர ஆறுச்சாமியையே அனுப்பியிருந்தார்கள். காலை ஒன்பது மணியிலிருந்து கீழே வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

தமயந்தி தாளை வாங்கிப் படித்தார். இங்கிலீஷில் இரண்டு பத்தி. திரும்பி வந்த பேனல் சோதிக்கப்பட்டது. நான்கு குறைகளுக்கும் ஹூட்டர் ஒலித்தது. ஆகவே ஊழியர் அதை நிறுத்தியிருக்க வேண்டும்.

"நல்லாச் சோதிச்சீங்களா?"

"டெஸ்ட் ஷீட்ல நாலு வரி இருக்கு. நாலுக்கும் டிக். சூட்டை நிறுத்தினேன், கத்துச்சு. ஈரத்தை நிறுத்தினேன், கத்துச்சு. கீழே பொண்ணுங்க எல்லாம் காதைப் பொத்திட்டு என்னைத் திட்டினாங்க."

"படம்?"

"படமும் ஓடுது. ஓடறதை ஓடுதுன்னு எழுதறதுக்கு என்னம்மா யோசனை?"

தமயந்தி கண்ணாடியைக் கழற்றி, இமைகளை விரலால் அழுத்திக்கொண்டார். அன்று காலையிலிருந்து அவர் பார்க்கும் பதினோராவது தாள் அது.

"ஓட்டிக் காட்டுங்க."

நஞ்சப்பன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுப் படத்தைத் திறந்தார். அவர் வரைந்த படம். மூன்று வருஷத்தில் அவர் வரைந்ததிலேயே அவருக்குப் பிடித்த படம். இடது ஓரத்தில் ஒரு பேட்டரி. அடுத்து நான்கு சுவிட்ச், நான்கு சென்சாருக்குப் பதிலாக. நடுவில் ஓர் ஐசி, நான்கில் எது நின்றது என்று பார்க்கும் சில்லு. வலது பக்கம் ஹூட்டருக்குப் பதிலாக ஒரு சிவப்பு விளக்கு. கம்பிகள் எங்கும் ஒன்றையொன்று வெட்டவில்லை. கோலம் மாதிரி இருந்தது.

ஓட்டினார். நான்கு சுவிட்சும் மேலே இருந்தவரை விளக்கு அணைந்திருந்தது. ஒன்றைக் கீழே தள்ளினார். எரிந்தது. நான்கையும் தள்ளினார். அப்போதும் எரிந்தது.

"பாருங்க. நாலும் போனாலும் கத்தும். அன்னைக்கும் கத்தித்தான் இருக்கும்."

"பேட்டரியை எடுங்க."

"என்னது?"

"படத்துல இருக்கிற பேட்டரியை. அழிச்சுடுங்க."

நஞ்சப்பன் சிரித்தார். "வெயில் ஜாஸ்தியாயிருச்சா வாத்தியாரம்மா? பேட்டரியை அழிச்சா எப்படி எரியும்?"

"அழிங்கண்ணா."

அழித்தார். அதிலிருந்து போன கம்பியையும் அழிக்கச் சொன்னார் தமயந்தி. அதையும் அழித்தார். இப்போது படத்தில் சுவிட்சுகள், ஐசி, விளக்கு மட்டும் மிச்சம்.

"ஓட்டுங்க."

ஓட்டினார்.

விளக்கு எரிந்தது.

நஞ்சப்பன் நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினார். எரிந்தது. படத்தை மூடித் திறந்து ஓட்டினார். எரிந்தது. இருபத்தைந்து வருஷம் மில்லில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு விளக்கு அணைவதைப் பார்த்த மனிதர். எதற்கோ ஒருமுறை மேஜைக்கடியில் குனிந்துகூடப் பார்த்தார்.

"எங்கிருந்தும்மா வருது?"

தமயந்தி மெனுவில் எங்கோ உள்ளே போய், ஒரு சின்னக் கட்டத்தில் டிக் வைத்தார். நடுவிலிருந்த ஐசியின் தலையில் ஒரு கால் முளைத்தது. அடியில் ஒரு கால் முளைத்தது.

"இது ஏழாவது கால், தரைக் கம்பிக்கு. இது பதினாலாவது கால், கரண்டுக்கு. எல்லா ஐசிக்கும் இந்த ரெண்டும் உண்டு. எல்லாப் படத்துலயும் வரைஞ்சா கசகசன்னு இருக்கும்னு சாஃப்ட்வேர் மறைச்சு வெச்சிருக்கும்."

"மறைச்சு வெச்சா?"

"ஓட்டிப் பார்க்கறப்ப அதுவே கரண்ட் குடுத்துக்கும். நம்மளைக் கேட்காது. போர்டு போடறப்ப, அந்தக் கால் தன் பேர் இருக்கிற கம்பியைத் தேடிப் போய் ஒட்டிக்கும். தரைக்கு நீங்க அதே பேர் வெச்சிருக்கீங்க. ஒட்டிக்கிச்சு. கரண்டுக் கம்பிக்கு நீங்க என்ன பேர் வெச்சீங்க?"

"பன்னெண்டு வோல்ட்னு."

"அது தேடற பேர் வேற."

நஞ்சப்பன் அந்தப் பதினான்காவது காலைப் பார்த்தார். அதிலிருந்து எந்தக் கம்பியும் புறப்படவில்லை.

இருந்தாலும் அவர் அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுகிறவர் இல்லை. பல்லடத்திலிருந்து வந்த பேனல் சோதனை மேஜையில் திறந்து கிடந்தது. எழுந்து போய் பேட்டரியை மாட்டினார். சென்சாருக்குப் பதிலாகச் சோதனைக்கு மாட்டியிருந்த நான்கு சுவிட்சையும் மேலே வைத்தார். மீட்டரின் கறுப்பு முனையைத் தரைக் கம்பியிலும் சிவப்பு முனையை ஐசியின் பதினான்காவது காலிலும் வைத்தார்.

"வருதே!" குரலில் உயிர் வந்துவிட்டது. "வாத்தியாரம்மா, வந்து பாருங்க. பதினொண்ணு புள்ளி நாலு. படத்துல என்ன இருந்தா என்ன? போர்டுல கரண்ட் இருக்கு."

தமயந்தி எழுந்து வந்தார். "பேட்டரி எவ்வளவு?"

நஞ்சப்பன் முனைகளைப் பேட்டரியில் வைத்துப் பார்த்தார். "பன்னெண்டு."

"மிச்சம் புள்ளி ஆறு எங்கே போச்சு?"

"மீட்டர் பழசும்மா. அரை வோல்ட்டுக்கு ஒரு பஞ்சாயத்தா?"

"சரி. முனையை மறுபடி அந்தக் கால்லயே மாட்டுங்க. ஒரு சுவிட்சைத் தள்ளுங்க."

தள்ளினார். ஹூட்டர் அலறியது. கீழேயிருந்து ஒரு பெண் குரல், "யோவ், மறுபடியுமா!" என்றது. மீட்டரில் அதே பதினொன்று புள்ளி நான்கு.

"ரெண்டாவது."

அலறிக்கொண்டிருந்தது.

"மூணாவது."

அப்போதும் அலறியது. நஞ்சப்பன் ஜெயித்தவர் போலத் தமயந்தியைப் பார்த்தார்.

"நாலாவது."

தள்ளினார். ஹூட்டர் நின்றது.

மீட்டரில் எண்கள் கீழே ஓடி, பூஜ்யத்தில் நின்றன. கீழே கூடத்தில் யாரோ, "அப்பாடா" என்றார்கள்.

நஞ்சப்பன் நான்காவது சுவிட்சை மேலே ஏற்றினார். ஹூட்டர் அலறியது. இறக்கினார். நின்றது. ஏற்றினார். இறக்கினார். ஆறேழு தடவை அப்படிச் செய்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"இத்தனை நேரம் பதினொண்ணு புள்ளி நாலு காட்டுச்சே."

"சென்சார் கம்பி வழியா வந்துது. 'இங்கே எல்லாம் நல்லா இருக்கு'ன்னு சேதி சொல்றதுக்கு ஒவ்வொரு சென்சாரும் கொஞ்சம் கரண்ட் அனுப்புது இல்லீங்களா? அந்தச் சேதியைத் தின்னுட்டு ஐசி உசிரோட இருந்திருக்கு. வழியில புள்ளி ஆறு செலவு. ஒரே ஒரு சென்சார் நல்லா இருந்தாப் போதும், மத்த மூணும் போச்சுன்னு கத்தும்."

"நாலும் போனா?"

தமயந்தி மீட்டரைக் காட்டினார்.

நஞ்சப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தார். டெஸ்ட் ஷீட்டில் நான்கு வரிதான் இருந்தது. அந்த ஷீட்டைத் தயாரித்ததும் அவரே. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தார்.

மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது.

பழைய ரிப்போர்ட்டைக் கிழித்தார். கணினியில் புதிதாக ஒன்று தட்டினார். எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் நான்கு வரி தேறியது. அச்செடுத்துத் தமயந்தியிடம் நீட்டினார்.

'தொழில்நுட்பக் காரணங்களால், குறிப்பிட்ட சில சூழ்நிலைகளில், பேனல் ஒலிக்காமல் இருந்திருக்க வாய்ப்புள்ளது' என்று அதற்கு அர்த்தம்.

தமயந்தி அதை இரண்டு முறை படித்தார்.

"பொய் ஒண்ணும் இல்லையேம்மா."

"இல்லைங்கண்ணா."

"அப்ப கையெழுத்துப் போடுங்க."

"போடறேன். அதுக்கு முன்னாடி கீழே போய் அவருக்குப் படிச்சுக் காட்டிட்டு வாங்க. தமிழ்ல சொல்லுங்க."

நஞ்சப்பனுக்குக் கோபம் வந்தது. வயசு வித்தியாசம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் வாத்தியாரம்மா அதற்குள் அடுத்த தாளை எடுத்துவிட்டார். படியிறங்கினார்.

ஆறுச்சாமி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டிருந்தார். எழுந்த வேகத்தில் சாப்பாட்டுப் பை மடியில் இருந்து நழுவியது. குனிந்து எடுத்துக்கொண்டார்.

"ரிப்போர்ட் ஆயிருச்சுங்களா?"

"ஆயிருச்சு. உட்காருங்க."

"பரவால்லீங்க. சொல்லுங்க."

நஞ்சப்பன் நின்றபடியே படித்தார். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழாக்கிச் சொன்னார். தொழில்நுட்பக் காரணங்களால். குறிப்பிட்ட சில சூழ்நிலைகளில். வாய்ப்புள்ளது. ஒவ்வொரு சொல்லும் வாயை விட்டு இறங்க நேரம் எடுத்துக்கொண்டது.

ஆறுச்சாமி தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. எனக்குப் படிப்பு அஞ்சாவதோட சரி. அப்ப அன்னைக்கு நான் பட்டனை அமத்துனேனுங்களா, அமத்துலீங்களா?"

"அமத்தலை."

"அது இதுல எங்கீங்க சார் இருக்குது?"

நஞ்சப்பன் தாளைப் பார்த்தார்.

"எங்க முதலாளி இதைப் படிச்சுட்டு, 'வாய்ப்புன்னுதானே போட்டிருக்காங்க, நீயும் அமத்தியிருக்க வாய்ப்பிருக்குதல்ல'ன்னு கேட்டாருன்னா நான் என்னங்க சொல்றது?"

நஞ்சப்பன் தாளை மடித்துக்கொண்டார்.

"சித்தெ இருங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி படியேறினார். பதினெட்டுப் படி. ஒன்பதாவது படியில் நின்றார். ஐம்பத்து மூன்று வயதில் இன்னொரு கம்பெனிக்குப் போய், நான் படம் வரைவேன் என்று சொன்னால் யார் உள்ளே விடுவார்கள் என்று நினைத்துப் பார்த்தார். மேலே வந்து கணினி முன் உட்கார்ந்தார். இந்த முறை எதையும் அழிக்கவில்லை.

நான்கு சென்சாரும் ஒரே நேரத்தில் நின்றால் இந்தப் பேனல் ஒலிக்காது. ஐசிக்குக் கரண்ட் கொடுக்கும் காலுக்குப் போர்டில் இணைப்பு இல்லை. அன்று ஹூட்டர் ஒலிக்கவில்லை. திரு. ஆறுச்சாமி எதையும் நிறுத்தவில்லை. படத்தை வரைந்தவன் நஞ்சப்பன். சோதனை முறையை எழுதியவனும் நஞ்சப்பன்.

முதலில் தமிழில் எழுதினார். அதற்குக் கீழே இங்கிலீஷில் எழுதினார்.

தமயந்தி வாங்கிப் படித்தார். பேனாவை எடுத்து, நஞ்சப்பனின் பெயருக்குக் கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்தார். 'படத்தைச் சரிபார்த்து அனுமதித்தவர் தமயந்தி.' கையெழுத்துப் போட்டு, கம்பெனி முத்திரையை அழுத்தினார்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு முதலாளி போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார் தமயந்தி.

"அனுப்பிட்டீங்களா?"

"ரெடி சார். ஆறுச்சாமி கையில குடுக்கறோம்."

"பேனல் ஓகேதானே?"

"இல்லைங்க சார். நம்ம தப்பு."

போனில் லாரி சத்தம் கேட்டது. "நான் வர்ற வரைக்கும் வெச்சிருங்க. வார்த்தை கொஞ்சம் பார்த்துப் போடணும்."

"வார்த்தை போட்டாச்சுங்க சார். முத்திரையும் வெச்சாச்சு."

போன் வைக்கப்பட்டது. யார் முதலில் வைத்தார்கள் என்று நஞ்சப்பனால் சொல்ல முடியவில்லை.

கீழே போய்த் தாளைக் கொடுத்தார். ஆறுச்சாமி தமிழ்ப் பகுதியை விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். தன் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. 'நிறுத்தவில்லை' என்ற சொல்லைச் சத்தம் வராமல் உதட்டில் சொல்லிப் பார்த்தார். பிறகு விரல் கீழே இறங்கியது.

"இந்த நஞ்சப்பன்ங்கறது யாருங்க?"

"நான்தான்."

ஆறுச்சாமி அவரை நிமிர்ந்து பார்த்தார். காலையிலிருந்து அவர் முகத்தில் காத்திருந்த எதுவோ போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் சந்தோஷம் வந்து உட்காரவும் இல்லை.

"உங்களுக்கு ஒண்ணும் ஆயிடாதுங்களே?"

"நீங்க கிளம்புங்க. ரெண்டு மணி பஸ்ஸைப் பிடிச்சா வெயில் தாழறதுக்குள்ள போயிடலாம்."

"அன்னைக்கப்புறம் என் சம்சாரமே ஒரு தடவை கேட்டுட்டாங்க. 'நிசமாவே நீங்க அமத்துலியா'ன்னு." தாளை நான்காக மடித்துச் சட்டையின் உள்பைக்குள் வைத்தார். "வாரேனுங்க."

நஞ்சப்பன் மேலே வந்தபோது தமயந்தி ஒரு பட்டியலைத் திரையில் திறந்து வைத்திருந்தார். அந்தப் படத்திலிருந்து செய்து அனுப்பிய பேனல்கள். நாற்பத்தொன்று. உடுமலை, தாராபுரம், ஈரோடு, தர்மபுரி. எல்லாம் இப்போதும் சுவரில் தொங்கும், பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு ஊரிலும் யாரோ ஒருவர் அதை நம்பி வெளியே தட்டுக் கழுவிக்கொண்டிருப்பார்.

"பாதி நீங்க கூப்பிடுங்க, பாதி நான் கூப்பிடறேன்" என்றார் தமயந்தி. "பேட்டரியில இருந்து பதினாலாவது காலுக்கு வெளியே ஒரு வயர் இழுத்து, ஈயம் வெச்சுப் பத்த வெச்சாப் போதும். அதுவரைக்கும் ஹாலை விட்டு நகர வேண்டாம்னு சொல்லுங்க."

நஞ்சப்பன் போனை எடுத்தார். முதல் நம்பரைத் தேடினார். அழுத்தவில்லை.

பேட்டரியை அழித்ததிலிருந்து ஒரு கேள்வி அவருக்குள் இருந்தது. குருவிடம் கேட்கக்கூடாத கேள்வி என்று பட்டதால் விழுங்கிக்கொண்டே இருந்தார். இப்போது அது தானாக வெளியே வந்தது.

"வாத்தியாரம்மா. பேட்டரியை அழிச்சுப் பார்க்கணும்னு உங்களுக்கு இன்னைக்குத் தெரிஞ்சுதே. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே படம் உங்க மேஜைக்கு வந்தப்ப ஏன் பார்க்கலை?"

தமயந்தி கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. சும்மா கையில் வைத்துக்கொண்டார்.

"ஓடாத படத்தைத்தாண்ணா நான் உட்கார்ந்து பார்ப்பேன். உங்களுது ஓடிச்சு."